முதலில் இரும்பு: உதிரிச் சரக்கில் ஐந்து வாட் வால்வு ஆம்ப்

கிட்டாருக்கு வால்வு ஆம்ப் கட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வால்வில்தான் தொடங்குகிறார்கள். பளபளக்கும் கண்ணாடி, உள்ளே செம்மஞ்சள் ஒளி. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் செலவுக் கணக்கு வேறு மாதிரி போகும். பணத்தைத் தின்பவை இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒன்று மின்சாரத்தை உள்ளே கொண்டுவருவது, இன்னொன்று ஒலியை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோவது. இந்த இரண்டு இரும்பும் கைக்கு வந்த பிறகு அவற்றுக்கேற்ற வால்வைத் தேடுங்கள். சர்க்யூட்டைக் கடைசியில் முடிவு செய்யலாம். யாரோ வரைந்த படத்தை வைத்துக்கொண்டு அதில் கண்ட அதே டிரான்ஸ்ஃபார்மருக்காக அலைகிறவர், முடிவில் புது ஆம்ப் விலையைக் கொடுத்திருப்பார்.

ஐந்து வாட் எதற்குக் காணும்?

1950களின் பிற்பகுதியில் ஃபெண்டர் கம்பெனி விற்ற சாம்ப் என்ற சிறிய ஆம்பில், முன்னால் 12ஏஎக்ஸ்7 ஒன்று, பின்னால் 6வி6 ஒன்று, மின்சாரத்தை நேராக்க 5ஒய்3 ஒன்று, எட்டு அங்குல ஸ்பீக்கர், ஒலியளவுக்கு ஒரு குமிழ், அவ்வளவுதான். கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கான மலிவுச் சரக்காகத்தான் அதை விற்றார்கள். பிற்பாடு ஒலிப்பதிவுக் கூடங்களில் அதற்கு ஏற்பட்ட மதிப்பு அதன் விலைக்குச் சம்பந்தமே இல்லாதது.

காரணம் எளிது. வால்வு ஆம்பை முழுக்கத் திருகி, கடைசி வால்வு திணறும்போது வரும் ஒலிதான் கிட்டார்காரருக்கு வேண்டியது. ஐம்பது வாட் ஆம்பை அந்த அளவுக்குத் திருகினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வாட் பத்து மடங்காக வேண்டும். அதாவது ஐந்து வாட்டுக்கும் ஐம்பது வாட்டுக்கும் இடையே இருப்பது சுமார் இரண்டு மடங்கு சத்தம் மட்டுமே. ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் தரும் பன்னிரண்டு அங்குல கிட்டார் ஸ்பீக்கரில் ஐந்து வாட்டை விட்டால் அறை நிறைந்து வெளியே வழியும். அதே ஐந்து வாட்டை ரேடியோவிலிருந்து கழற்றிய ஐந்து அங்குல ஸ்பீக்கரில் விட்டால் கரகரவென்று அழும், ஸ்பீக்கரும் நாளடைவில் கிழியும். மிச்சம் பிடித்த காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.

உயிர்க் காப்பு

இந்தப் பெட்டிக்குள் 250 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். முதல் கெப்பாசிட்டரின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகச் சால்டர் செய்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் மின்னழுத்தம் பெருமளவு இறங்கிவிடும். ஆனாலும் அதை நம்பிக் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மீட்டரால் அளந்து, பூஜ்யத்துக்கு அருகில் வந்தது தெரிந்த பிறகே தொடுங்கள். மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பாயும் ஷாக்தான் இதயத்தின் வழியே போகிறது. காலில் ரப்பர் செருப்பு, பக்கத்தில் இன்னொரு ஆள், இவை இரண்டும் இல்லாமல் மேசையில் உட்கார வேண்டாம்.

பழைய ரேடியோவை வாங்கி அப்படியே ஆம்பாக மாற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் என்று விற்கப்பட்ட ரேடியோக்களில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வால்வுகளின் ஹீட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நேராக மெயின்ஸில் மாட்டியிருப்பார்கள். மெயின்ஸின் ஒரு முனை சேசிஸையே தொட்டிருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுக்க ஃபேஸ். ரேடியோவாக இருந்தவரை மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும் காப்பாற்றின. அதில் கிட்டார் ஜாக்கைப் பொருத்தினால், உங்கள் விரலுக்கும் ஃபேஸுக்கும் இடையே இருப்பது கிட்டார் கம்பி மட்டும்தான். வால்வுப் பெயர்கள் ‘யூ’ எழுத்தில் தொடங்கினால், யூசிஎல்82, யூஎல்84, யூஒய்85 என்று இருந்தால், அந்த செட்டை ஆம்பாக்க வேண்டாம். உதிரிகளை மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள்.

வால்வு மேல் எழுதியிருப்பதைப் படித்தல்

ஐரோப்பியப் பெயரைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரர் டப்பாவைக் கவிழ்க்கும்போதே எது உதவும், எது உதவாது என்று தெரிந்துவிடும். முதல் எழுத்து ஹீட்டரைச் சொல்கிறது. ‘ஈ’ என்றால் 6.3 வோல்ட். ‘பி’ என்றால் 300 மில்லி ஆம்பியர், ‘யூ’ என்றால் 100 மில்லி ஆம்பியர். இவை வரிசையாகக் கோப்பதற்கானவை. அடுத்த எழுத்துகள் உள்ளே இருப்பதைச் சொல்கின்றன. ‘சி’ டிரையோடு, ‘எல்’ அவுட்புட் பென்டோடு, ‘இசட்’ முழு அலை ரெக்டிஃபயர். எண் எட்டில் தொடங்கினால் ஒன்பது கால் அடி. ஆக ஈசிசி83 என்பது 6.3 வோல்ட்டில் எரியும் இரட்டை டிரையோடு. அமெரிக்காவில் அதே வால்வின் பெயர்தான் 12ஏஎக்ஸ்7. ஈஎல்84 ஒரு பவர் பென்டோடு. ஈசிஎல்82, ஈசிஎல்86 இரண்டிலும் டிரையோடும் பென்டோடும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கின்றன.

நம் ஊர் ரேடியோக்களில் இந்த வகை நிறையவே உண்டு. 1960களில் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. சென்னை ரிச்சி தெருவிலும் பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் பரண்களிலும் அந்தச் சரக்கு இன்னும் அகப்படும். ‘பி’ வரிசை டிவி வால்வுகளை யாரும் சீந்துவதில்லை என்பதால் அவற்றில்தான் உண்மையான மலிவு. பிசிஎல்82 என்பது ஈசிஎல்82தான், ஹீட்டர் மட்டும் 16 வோல்ட், 0.3 ஆம்பியர். பதினெட்டு வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரோடு 6.8 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வரிசையில் வைத்தால் வேலை முடிந்தது.

சோவியத் சரக்கில் 6பி14பி என்பது ஈஎல்84க்கு நேரானது. 6என்2பி வால்வும் ஈசிசி83 போலவே ஒலியைப் பெருக்கும், ஆனால் ஹீட்டர் இணைப்பு வேறு. ஈசிசி83இல் நான்காம் ஐந்தாம் கால்களைச் சேர்த்து ஒன்பதாம் காலோடு 6.3 வோல்ட் கொடுக்க வேண்டும். 6என்2பியில் நான்குக்கும் ஐந்துக்கும் இடையே 6.3 வோல்ட், ஒன்பதாம் கால் வெறும் மறைப்பு. இதைக் கவனிக்காமல் மாற்றிச் செருகினால் ஹீட்டரே எரியாது. ஒற்றை வால்வைத் தபாலில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் தபால் செலவைப் பாருங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே அப்படியே நடக்கும்.

இந்த அத்தியாயத்துக்கு ஈசிசி83 ஒன்றும் ஈஎல்84 ஒன்றும் எடுத்துக்கொள்கிறேன். ஈசிஎல்82 ஒன்றே போதாதா என்று கேட்பீர்கள். அதன் பென்டோடைத் திணறடிக்க உச்சத்தில் பதினாறு வோல்ட் சிக்னல் வேண்டும். அதன் டிரையோடு சுமார் ஐம்பது மடங்குதான் பெருக்கும். மெல்லிய பிக்கப் உள்ள கிட்டாருக்கு அது எட்டாது. ஈஎல்84க்கு ஏழு வோல்ட் போதும். அதற்கு முன்னால் இரண்டு கட்டம் பெருக்கல் இருப்பதால் எந்தக் கிட்டாரும் அதைத் திணறடிக்கும்.

முதல் இரும்பு: முதுகோடு முதுகாக

நல்ல ‘ஈ’ வரிசை ரேடியோவின் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் தொங்கும் 6-0-6 டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு வாங்குங்கள். ஒன்று 3 ஆம்பியர், மற்றது 2 ஆம்பியர். முதலாவதை வழக்கம்போல் மெயின்ஸில் மாட்டினால் வெளி முனைகளுக்கு இடையே 12 வோல்ட் வரும். அந்த இரண்டு முனைகளையும் இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரின் வெளி முனைகளோடு சேருங்கள். இரண்டாவதன் நடுக்கம்பியை எதிலும் சேர்க்காமல் டேப் சுற்றி விட்டுவிடலாம். இப்போது அது தலைகீழாக வேலை செய்து, 230 வோல்ட் பக்கத்தில் மெயின்ஸோடு தொடர்பே இல்லாத உயர் மின்னழுத்தத்தைத் தரும். இழப்புகள் போக 190, 200 வோல்ட் ஏசி வரும். அதை நான்கு 1என்4007 டயோடுகளின் பிரிட்ஜ் வழியே நேராக்கினால், சுமை ஏறிய நிலையில் 240 வோல்ட் டிசி சுற்றுவட்டாரத்தில் நிற்கும். ஈஎல்84 கேட்பதும் அதைத்தான்.

ஹீட்டருக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். முதலாவதன் நடுக்கம்பிக்கும் ஒரு வெளி முனைக்கும் இடையே ஆறு வோல்ட் இருக்கிறது. ஈஎல்84 0.76 ஆம்பியர், ஈசிசி83 0.3 ஆம்பியர், மொத்தம் ஒன்றுக்குச் சற்று மேல். முதலாவது 3 ஆம்பியராக இருக்க வேண்டியது இதனால்தான். ஹீட்டரில் எரிய விட்டு அளந்து பாருங்கள், 5.7 முதல் 6.9 வோல்ட் வரை எதுவானாலும் சரி. மலிவு டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் ஆம்பியரைச் சந்தேகிப்பது நல்லது. எடையைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவு எழுதிய இரண்டில் கனமானதை எடுங்கள்.

பழைய ஆம்ப் பிரியர்கள் ரெக்டிஃபயர் வால்வுதான் வேண்டும் என்பார்கள். இந்த அளவு ஆம்பில் அதற்காக இன்னொரு ஆம்பியர் ஹீட்டர் மின்சாரத்தைச் செலவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாம் இரும்பு: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்

இதில்தான் எல்லாரும் சிக்கிக்கொள்கிறார்கள். புதிதாக வாங்கினால் ஆம்பின் மற்ற எல்லாவற்றையும் சேர்த்த விலைக்கு வந்து நிற்கும். ஈஎல்84 தன் முன்னால் சுமார் 5,200 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. ஸ்பீக்கரோ 8 ஓம். இடையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று விகிதத்தின் வர்க்கத்தை ஸ்பீக்கரின் ஓமால் பெருக்கினால் வால்வு காணும் சுமை கிடைக்கும். 5,200ஐ எட்டால் வகுத்தால் 650. அதன் வர்க்கமூலம் இருபத்தைந்தரை. இப்போது 230ஐ 9ஆல் வகுத்துப் பாருங்கள்: அதே இருபத்தைந்தரை! தெருக்கடையில் விற்கும் 9 வோல்ட் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், கணக்குப்படி ஈஎல்84இன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான்.

நடைமுறையில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, சுமை இல்லாதபோது 9 வோல்ட் என்பது பத்தையும் தாண்டும். அதனால் மெயின்ஸில் மாட்டி உண்மையான விகிதத்தை அளந்துகொள்ளுங்கள். 232 வோல்ட் உள்ளே போய் 10.2 வெளியே வந்தால் விகிதம் 22.7, 8 ஓம் ஸ்பீக்கரோடு 4,100 ஓம் சுமை. நான்காயிரம் முதல் ஏழாயிரம் வரை கிட்டாருக்கு ஒத்துவரும். 9-0-9 வாங்கியிருந்தால் ஒரு பாதியை மட்டும் எடுங்கள்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கைவேலை. ஒற்றை வால்வு ஆம்பில் சுமார் 43 மில்லி ஆம்பியர் டிசி எந்நேரமும் அந்த வைண்டிங் வழியே ஓடும். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள், ஈ வடிவமும் ஐ வடிவமும், மாறி மாறிப் பின்னப்பட்டிருக்கும். அந்த டிசியில் இரும்பு தெவிட்டிப்போய் கீழ்ச்சுருதி நசுங்கும். அதற்குக் காற்றிடைவெளி வேண்டும். சட்டத்தைக் கழற்றி, தகடுகளை ஒவ்வொன்றாக உருவி, எல்லா ஈயையும் ஒரே பக்கமாகச் செருகுங்கள். ஐ தகடுகளைக் கட்டாக அடுக்கி எதிரே வைத்து, நடுவில் எழுதும் தாள் ஒன்றை மடிக்காமல் வையுங்கள். சட்டத்தை மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். வார்னிஷில் ஊறிய டிரான்ஸ்ஃபார்மர் பிரியாது, தகடு வளைந்துவிடும். வாங்கும்போதே வார்னிஷ் இல்லாததாக, 20 வாட்டுக்குக் குறையாததாகப் பாருங்கள். முதல் இரண்டு தகடுகளை உருவுவதுதான் கஷ்டம். மெல்லிய கத்தியால் நெம்பி, பிளையரால் பிடித்து நேராக இழுங்கள். பொறுமை இல்லையென்றால் மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்து இதே வேலையைச் செய்யச் சொல்லலாம். அவர்களுக்கு இது சாதாரணம்.

இதில் மேல்சுருதி கொஞ்சம் குறையும். ஹைஃபை ஆட்களுக்கு அது குற்றம். கிட்டார் ஸ்பீக்கரே 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் கொடுப்பதில்லை என்பதால் நமக்கு நஷ்டமில்லை. அடிச்சுருதியிலும் கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாது.

இன்னொரு வழி மைக் செட்காரர்களிடம் இருக்கிறது. கூம்பு ஸ்பீக்கர்களில் வரும் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மரில் வாட் வாரியாகக் கம்பிகள் பிரிந்திருக்கும். நூறின் வர்க்கமான பத்தாயிரத்தை அந்த வாட்டால் வகுத்தால் ஓம் வரும். 2 வாட் கம்பி 5,000 ஓம். கெட்டுப்போன கூம்பிலிருந்து கழற்றியது சும்மாவே கிடைக்கலாம். இதிலும் இடைவெளி இருக்காது, ஆகையால் பெரியதாகப் பார்த்து எடுங்கள்.

எந்த வகையானாலும் ஸ்பீக்கர் பக்கத்து வைண்டிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு சேர்த்துவிடுங்கள். காப்பு என்றைக்காவது விட்டுப்போனால் உயர் மின்னழுத்தம் ஸ்பீக்கர் கம்பிக்கு வராமல் இருக்க அதுவே வழி.

பொருத்துதல்

பழைய ரேடியோவிலிருந்து வால்வு அடி, டேக் ஸ்ட்ரிப், குமிழ் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். கெப்பாசிட்டர் ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். மெழுகுக் காகித கெப்பாசிட்டர்கள் எல்லாமே கசியும். கடைசி வால்வின் கிரிடுக்கு டிசி கசிந்தால் அந்த வால்வு சிவந்து சாகும்.

மின்வழி இப்படி: 500 மில்லி ஆம்பியர் ஃப்யூஸ், சுவிட்ச், இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 47 மைக்ரோ ஃபாரட் 450 வோல்ட் கெப்பாசிட்டர், பிறகு 220 ஓம் 5 வாட், மறுபடி 47 மைக்ரோ ஃபாரட். இங்கிருந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியே ஈஎல்84இன் ஏழாம் காலுக்கும், 1 கிலோ ஓம் வழியே ஒன்பதாம் காலுக்கும். அதே இடத்திலிருந்து 10 கிலோ ஓம் தாண்டி 22 மைக்ரோ ஃபாரட், அது ஈசிசி83க்கு.

சிக்னல் வழி: ஜாக்கில் 1 மெகா ஓம் சேசிஸுக்கு, 68 கிலோ ஓம் வழியே ஈசிசி83இன் இரண்டாம் கால். மூன்றாம் காலில் 1.5 கிலோ ஓமும் 22 மைக்ரோ ஃபாரட்டும், முதல் காலில் 100 கிலோ ஓம். அங்கிருந்து 0.022 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் கெப்பாசிட்டர் வழியே 1 மெகா ஓம் வால்யூம். வால்யூமின் நடுக்கால் ஏழாம் காலுக்கு. எட்டாம் காலிலும் ஆறாம் காலிலும் முதல் பாதியில் போட்ட அதே ரெசிஸ்டர்கள். இன்னொரு 0.022 வழியே ஈஎல்84இன் கிரிடுக்கு. 470 கிலோ ஓம் சேசிஸுக்கு, இரண்டாம் காலுக்கு நெருக்கமாக 4.7 கிலோ ஓம். மூன்றாம் காலில் 150 ஓம் 2 வாட், அதோடு 47 மைக்ரோ ஃபாரட் 50 வோல்ட். கால்களை அடிப்பக்கத்திலிருந்து, இடைவெளியில் தொடங்கி வலஞ்சுழியாக எண்ண வேண்டும்.

ஹம் வராமலிருக்க மூன்று பழக்கம் போதும். ஹீட்டர் கம்பிகளை இறுக்க முறுக்கி சேசிஸின் மூலையோடு ஓட்டுங்கள். அவற்றின் இரு முனைகளிலிருந்தும் 100 ஓம் ஒவ்வொன்று சேசிஸுக்குப் போகட்டும். இரண்டு இரும்பையும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பி, தள்ளி வையுங்கள். சிக்னல் எர்த் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். மூன்று பின் பிளக்கின் பச்சைக் கம்பிக்கு மட்டும் தனிப் போல்ட்.

முதல் முறை மின்சாரம்

ஸ்பீக்கரை மாட்டாமல் ஆம்பை ஓட விடாதீர்கள். சுமையில்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, காப்பைத் துளைத்துவிடும்.

எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டில் 60 வாட் குண்டு பல்பைப் போட்டு அதன் வழியே ஆம்பை மாட்டுங்கள். எல்இடி உதவாது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட்; உடனே பிடுங்குங்கள். மங்கிய பிறகு பல்பை நீக்கி நேரடியாக மாட்டி அளவெடுங்கள்.

ஈஎல்84இன் மூன்றாம் காலில் ஏழு வோல்ட் அருகே இருக்க வேண்டும். 7.2 என்று வந்தால், 150ஆல் வகுக்க 48 மில்லி ஆம்பியர். அதில் ஐந்து ஸ்கிரீனுக்குப் போக 43 மீதி. ஏழாம் காலுக்கும் மூன்றாம் காலுக்கும் இடையே 233 வோல்ட் என்றால் வால்வு பத்து வாட் வெப்பத்தைத் தாங்குகிறது. அதன் எல்லை 12. தாண்டினால் 150ஐ 180 ஆக்குங்கள். இரண்டாம் காலில் பாசிட்டிவ் வோல்ட் தெரிந்தால் 0.022 கசிகிறது, மாற்றுங்கள். ஈசிசி83இன் முதலாம், ஆறாம் கால்களில் 140 முதல் 170, மூன்றாம், எட்டாம் கால்களில் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் இருந்தால் கிட்டாரைச் செருகலாம்.

வால்யூமைத் திருகும்போது ஊளையிட்டால், கிரிடுக்குப் போகும் கம்பியும் ஈஎல்84இன் ஏழாம் காலுக்குப் போகும் கம்பியும் பக்கத்தில் ஓடுகின்றன என்று அர்த்தம், பிரித்து வையுங்கள். பென்சிலால் ஈசிசி83ஐத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி அடித்தால் அந்த வால்வு கிட்டாருக்கு ஆகாது. வேறொன்றைப் போட்டுவிட்டு, அதை ரேடியோ வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அங்கே நன்றாகவே ஓடும்.

ஒரு மணி நேரம் வாசித்த பிறகு பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் மிச்சம் இல்லையென்று அளந்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர்களைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அடுத்த பெரிய அளவுக்குப் போக வேண்டும். பிறகு அளந்த வோல்ட்டுகளையெல்லாம் கால் வாரியாக ஒரு தாளில் எழுதி, சர்க்யூட் படத்தோடு மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து இந்தப் பெட்டியைத் திறக்கப்போகும் மெக்கானிக் அதைத்தான் முதலில் தேடுவார்.